முந்நூறு மில்லிமீட்டர் போதும்

பறவைப் படம் எடுக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் முதல்முறை பார்த்தால் பெயர் கேட்பதில்லை. லென்ஸ் எத்தனை மில்லிமீட்டர் என்றுதான் கேட்பார்கள். நானூறு என்றால் ஒரு தலையசைப்பு கிடைக்கும். அறுநூறு என்றால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார்கள். அதற்கும் மேலே வைத்திருப்பவர் வந்துவிட்டால் குட்டைக் கரையில் நல்ல இடம் அவருக்குத்தான், மற்றவர்கள் தாமாகவே ஒதுங்கிக்கொள்வார்கள். ஈப்போவில் எங்கள் குழுவின் ஆண்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் படமெடுத்து முடித்து, கோப்பிக் கடை மேசைமேல் லென்ஸ்களை வரிசையாக நிறுத்தி வைத்துப் பேசுவதைப் பார்க்க வேண்டும். கல்யாண வீட்டில் பெண்கள் நகை பார்ப்பதைக் கேலி செய்கிற அதே ஆண்கள்தான்.

அந்தக் குழுவில் நான் ஒருத்திதான் பெண். என்னிடம் இருந்தது ஒரு பழைய ஜூம் லென்ஸ். பத்து காஜா ஊர்ப் பக்கம் ஓர் ஈயச் சுரங்கக் குட்டைக் கரையில் வழுக்கி, நானும் அதுவும் சேர்ந்து தண்ணீரில் விழுந்தோம். நான் உடனே எழுந்துவிட்டேன். அது எழவில்லை. அதன் பிறகு போக்கஸ் செய்யச் சொன்னால் முனகிக்கொண்டே போய், பறவை பறந்த பிறகு வந்து சேரும்.

புதிதாக எதை வாங்குவது என்பதில் குழுவில் இரண்டு கருத்து இல்லை. அறுநூறு வரை நீளும் ஜூம் ஒன்றை வாங்கு என்றார்கள் எல்லாரும். பறவை தூரத்தில் இருக்கிறது, ஆகவே லென்ஸ் நீளமாக இருக்க வேண்டும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். எனக்கு யோசிக்க நிறைய இருந்தது. நான் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவள். படம் பெரிதாக இருப்பதும் படத்தில் விஷயம் தெரிவதும் வேறு வேறு என்பது என் வேலையின் முதல் பாடம். உடைந்த எலும்பு இருக்கிற இடம் மங்கிப்போன எக்ஸ்ரேயைச் சுவரளவுக்குப் பெரிதாக்கிக் கொடுத்தாலும் எந்த டாக்டரும் நன்றி சொல்லப்போவதில்லை. இந்த விஷயத்தில் நான் அடக்கமாகப் பேசப்போவதும் இல்லை.

ஆனாலும் மாதக்கணக்கில் வாங்கலாம் வாங்கலாம் என்று தள்ளிக்கொண்டுதான் இருந்தேன். என்னை முடிவெடுக்க வைத்தது என் அண்ணன்.

சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் அப்பாவும் அம்மாவும் பால் மரம் வெட்டிய ரப்பர் தோட்டத்தில் இப்போது ஒரு கித்தா மரம்கூட இல்லை. பாதி செம்பனை, பாதி வீடுகள் கட்டிய தாமான். தோட்டத்தின் மிச்சம் என்று சொல்ல மாரியம்மன் கோயிலும் அதன் பின்னால் நிற்கும் பிரம்மாண்டமான தூங்குமூஞ்சி மரமும்தான். அண்ணன் அந்தத் தாமானிலேயே வீடு வாங்கிக்கொண்டு இருக்கிறார். கோயில் திருப்பணிக் குழுவுக்கு அவர்தான் தலைவர். வசூலுக்காக பாரிட் புந்தாரிலிருந்து பாகான் டத்தோ வரை அவர் ஏறி இறங்காத வீடு கிடையாது. புது விமானம் எழும்பி, சுதைச் சிற்பங்களுக்கு வண்ணமும் பூசியாகிவிட்டது. வைகாசியில் குடமுழுக்கு என்று நாளும் குறித்தாகிவிட்டது.

இதில் அண்ணனுக்கு ஊருக்குத் தெரியாத ஒரு கணக்கு இருந்தது. அண்ணி குடமுழுக்கு அன்று கட்டிக்கொள்ள ஓர் அரக்குப் பட்டு எடுத்து, அலமாரியில் தனியாக வைத்திருந்தார். வேலை இழுத்துக்கொண்டே போயிற்று. போன வருஷம் அண்ணி போய்விட்டார். அந்தச் சேலையை அண்ணன் யாருக்கும் கொடுக்கவில்லை. இந்த வைகாசியைத் தாண்டவிடமாட்டேன் என்று அவர் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் அதுதான் என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

அண்ணி விட்டுப்போன இன்னொன்று அண்ணன் வீட்டுக் கொல்லையில் நிற்கும் பப்பாளி மரம். அண்ணிக்குப் பிறந்த ஊர் பாகான் டத்தோ. அங்கிருந்து கொண்டுவந்த விதை. இப்போது கடைகளில் விற்கிற சிவப்புப் பப்பாளி இல்லை, வெட்டினால் உள்ளே மஞ்சள் கிழங்கு நிறத்தில் இருக்கும். அண்ணி போனபின் அண்ணன் அதில் பழம் பறிப்பதும் இல்லை, யாரையும் பறிக்கவிடுவதும் இல்லை. மரத்திலேயே பழுத்துத் தொங்கும் பழங்களை எதுவோ குடைந்து தின்கிறது என்று அவருக்குக் கோபம். அணில்தான் என்று முடிவு கட்டி, மரத்தடியில் கூண்டு வைத்திருந்தார். கூண்டில் ஒரு நாளும் ஒன்றும் விழவில்லை.

பிரச்சினை தூங்குமூஞ்சி மரத்தில் வந்தது. அடிமரம் உள்ளே பொக்கையாகிவிட்டது, பலமாகக் காற்றடித்தால் புது விமானத்தின் மேலேயே விழும் என்று பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள். குடமுழுக்குக்குக் கூட்டம் கூடுமுன் மரத்தை மொத்தமாக வெட்டிவிடுவது என்று கோயில் குழு முடிவு செய்தது. சனிக்கிழமை ஆள் வருவதாக ஏற்பாடு. அதற்கு எட்டு நாள் முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குப் போனபோது அண்ணன் இதைச் சாதாரணமாகச் சொன்னார். நான் சாதாரணமாகக் கேட்டுக்கொள்ளவில்லை, ஏனென்றால் அந்தப் பொக்கைக்குள் யார் குடியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

இருவாச்சி. கோயிலில் எல்லாரும் மலாய்ப் பெயரைச் சொல்லி எங்காங் என்பார்கள். முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்து, மண்ணும் எச்சமும் குழைத்து வாசலைத் தானே அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சம் இருக்கும். குஞ்சு பறக்கத் தயாராகும் வரை அது வெளியே வராது. அவ்வளவு காலமும் ஆண் பறவை இரை கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஊட்ட வேண்டும். மரத்தை வெட்டினால் உள்ளே இருக்கிறதும் குஞ்சும் சேர்ந்து போகும். வெளியே இருக்கிறது வாயில் இரையோடு வந்து தேடும்.

நான் சொன்னதை அண்ணன் நம்பவில்லை. தினமும் கோயிலுக்கு வருகிற தனக்குத் தெரியாமல் அவ்வளவு பெரிய பறவை அங்கே எப்படிக் குடியிருக்கும் என்று கேட்டார். அவர் கேட்டதும் நியாயம்தான். பொந்தின் வாசல் கோயில் பக்கம் இல்லை, பின்னால் பெரிய கால்வாயைப் பார்த்து இருக்கிறது. திருப்பணிச் சத்தத்துக்குப் பயந்து ஆண் பறவை பகலில் வருவதே இல்லை, விடிந்தும் விடியாத நேரத்தில் வந்து போய்விடும். நான் அந்த வாரம் பழைய லென்ஸில் எடுத்து வைத்திருந்த படத்தைக் கைப்பேசியில் காட்டினேன். கறுப்பாக ஒரு திட்டு, அதன் மேல் கறுப்பாக இன்னொரு திட்டு. இது காக்கையா பிளாஸ்டிக் பையா என்று அண்ணன் கேட்க, பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. மறு வெள்ளிக்கிழமை மாலை குழுக் கூட்டம் இருந்தது. அதற்குள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு படம் கொண்டுவந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

“தெளிவா இருந்தா பாப்போம்லா,” என்றார் அண்ணன். “ஆனா எல்லாரும் பாத்து ஒத்துக்கணும். நீ மட்டும் பறவ பறவன்னு சொன்னா பத்தாது.”

வனவிலங்குத் துறைக்கு ஒரு போன் போட்டால் முடிந்துபோகும் என்று எங்கள் படக் குழுவில் சொன்னார்கள். போட்டிருக்கலாம். அண்ணன்மேல் புகார் கொடுத்துவிட்டு, அடுத்த தீபாவளிக்கு எந்த முகத்தோடு அவர் வீட்டில் போய்ச் சாப்பிடுவது? எனக்குப் பறவையும் வேண்டும், அண்ணனும் வேண்டும். இரண்டையும் ஒரு லென்ஸை வைத்துத்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது.

அப்படி இடமும் நேரமும் முடிவானபின், எந்த லென்ஸ் என்பது எனக்குச் சட்டென்று தெளிந்துவிட்டது. கால்வாயின் எதிர்க்கரையில் நின்றால் பொந்து வரைக்கும் மூன்று பேட்மிண்டன் கோர்ட்டை வரிசையாக வைத்த தூரம்தான். பறவையும் சிட்டுக்குருவி இல்லை, சேவலைவிடப் பெரியது. தூரம் என் எதிரி இல்லை. இருட்டுதான் எதிரி. லென்ஸின் வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு வெளிச்சம் உள்ளே வரும். குழு சிபாரிசு செய்த நீள ஜூமுக்கு வாய் குறுகல், மேலே 6.3 என்று போட்டிருக்கும், அந்த எண் குறையக் குறைய வாய் அகலம். 2.8 என்று போட்ட முந்நூறு மில்லிமீட்டர் லென்ஸ்கள் உண்டு. அவை ஜூம் ஆகாது, நீளமும் பாதி, ஆனால் உள்ளே விடுகிற வெளிச்சம் ஐந்து மடங்கு. குழுவில் சொன்னபோது ஒருவர் அது கல்யாண மண்டபத்துக்கு நல்ல லென்ஸ் என்றார். நான் கோப்பியை எடுத்துக் குடித்தேன். பதில் சொன்னால் கோப்பி ஆறிவிடும்.

மறுநாளே, சனிக்கிழமை, ஈப்போ பழைய பட்டணத்துக் கேமராக் கடைக்குப் போனேன். கடை முதலாளியான தவுக்கே என்னை வெகுநாளாக அறிந்தவர். இரண்டையும் கேட்டேன். நீள ஜூமைப் புதிதாகப் பெட்டியோடு எடுத்து வைத்தார். முந்நூறு பழசுதான் இருந்தது, பந்து விளையாட்டுப் படமெடுக்கும் ஒருவர் விற்றுவிட்டுப் போனது. மேலே பெயிண்ட் உரிந்து, கண்ணாடி மட்டும் சுத்தமாக இருந்தது. கையில் வாங்கியதும் கனத்தில் தோள் ஒரு பக்கமாக இறங்கியது. தவுக்கே என் முகத்தைப் பார்த்தார். படுத்த நோயாளியை எக்ஸ்ரே மேசைமேல் புரட்டிப் போடுகிற தோள் இது, இதற்கு அஞ்சாது என்று மலாயில் சொன்னேன்.

கடைக்குள் எதையாவது படமெடுத்துப் பார்த்து லென்ஸ் வாங்குகிறவர்கள் உண்டு. நான் அப்படி வாங்குகிறவள் இல்லை. கடை வாசல் நடைபாதைக்கு வந்து நின்றேன். எதிர்ச் சாரியில் ஒரு முடிவெட்டும் கடை, வாசலில் பாதிக் கதவு சாத்தி, உள்ளே ஒரே இருட்டு. அந்த இருட்டின் கடைசிச் சுவரில் தினம் ஒரு தாள் கிழிக்கிற சீன நாள்காட்டி தொங்கியது. அதுதான் என் இருவாச்சி என்று வைத்துக்கொண்டேன். முதலில் நீள ஜூம். படத்தில் தேதி பெரிதாக வந்தது. ஆனால் முழுக்க மணல் தூவியது போல இருந்தது, எழுத்து கறுப்பா பச்சையா என்று சொல்ல முடியவில்லை. அடுத்து முந்நூறு. தேதி பாதி அளவுதான். பெரிதாக்கிப் பார்த்தேன். பச்சை. சனிக்கிழமைத் தாள் அந்த நாள்காட்டியில் பச்சை எழுத்தில்தான் இருக்கும். தவுக்கேயும் எட்டிப் பார்த்துவிட்டு, ஜூமைப் பெட்டியில் போட்டு மூடினார். விலையை இங்கே எழுதமாட்டேன், என் வீட்டுக்காரரும் இதைப் படிப்பார்.

ஞாயிறு காலையே போய் எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆர்வக்கோளாறில் அண்ணனுக்குப் போன் செய்து லென்ஸ் வாங்கிவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். புதுப் பொருளைப் பூசை போடாமல் எடுப்பதா என்று ஆரம்பித்துவிட்டார். புதுக் கார் வாங்கினால் நாம் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றாமல் ரோட்டில் எடுப்போமா, அம்மன் கோயில் வாசலிலேயே வைத்துப் பயன்படுத்தப்போகிற பொருளுக்கு அம்மனிடம் சொல்ல வேண்டாமா என்று கேட்டார். குருக்களோ புதன்கிழமைதான் நல்ல நாள் என்றார். அந்த நேரத்தில் அண்ணனோடு வாக்குவாதம் செய்வது எனக்குத் தோதில்லை. நான்கு காலைகளை விட்டுக்கொடுத்தேன். வியாழன், வெள்ளி இரண்டு காலை மிச்சம் இருந்தன. எனக்கு ஒன்றே போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை லென்ஸை ஒரு தாம்பாளத்தில் வைத்து, பூ சுற்றி, அம்மன் முன்னால் வைத்தார்கள். பொட்டு வைப்பதானால் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கறுப்புக் குழலில் மட்டும் வையுங்கள் என்று குருக்களிடம் தெளிவாகச் சொன்னேன். அவரும் தலையாட்டினார். அந்த நேரம் பார்த்து மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது, வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தேன். நான் வந்தபோது தீபாராதனை முடிந்து, அண்ணன் மூடியைப் போட்டுத் தாம்பாளத்தோடு நீட்டினார். குழலில் சின்னதாக ஒரு சந்தனப் பொட்டு இருந்தது. எனக்குத் திருப்தி.

வியாழன் காலை இருட்டோடு கால்வாய்க் கரைக்குப் போய், உரச் சாக்கை விரித்து, ட்ரைபாடில் லென்ஸை ஏற்றி, மூடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். ஆண் பறவை வந்தது. நன்றாகவே எடுத்தேன். ஆனால் திரையில் பார்த்தால் எல்லாப் படமும் பால் ஊற்றியது போல வெளிறிக் கிடந்தது. மரத்துக்குப் பின்னால் வானம் வெளுக்க வெளுக்க மோசமாகிக்கொண்டே போனது. பறவை இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அண்ணனுக்கு இப்போது வெள்ளைப் பிளாஸ்டிக் பை தெரிந்திருக்கும்.

மருத்துவமனைக்குப் போய் உடை மாற்றும் அறையில் நின்றுகொண்டே தவுக்கேக்குப் போன் போட்டேன். எனக்கு என்ன லென்ஸை விற்றீர்கள், உள்ளே பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று ஏறு ஏறு என்று ஏறினேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, முன் கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று ஒன்றே ஒன்று கேட்டார். தினமும் படம் எடுத்துப் பிழைக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது என்று சொல்லிக்கொண்டே பையைத் திறந்து, மூடியைக் கழற்றி, குழலுக்குள் எட்டிப் பார்த்தேன்.

கண்ணாடியின் குறுக்கே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மூன்று விரலால் இழுத்த விபூதிப் பட்டை. நடுவில் சந்தனம். சந்தனத்தின் மேல் குங்குமம். லென்ஸ் பட்டை போட்டுக்கொண்டு சிவனே என்று உட்கார்ந்திருந்தது. தவுக்கேயிடம் என்னவென்று விளக்குவது? கண்ணாடியில் கொஞ்சம் அழுக்கு இருந்தது, மன்னிக்கவும் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அண்ணனிடம் கேட்டபோது அவர் கொஞ்சமும் அசரவில்லை. குருக்கள் குழலில்தான் வைத்தாராம். கண் மாதிரி இருக்கிற இடத்தை விட்டுவிட்டுக் கழுத்தில் பொட்டு வைத்தால் பூசை எப்படிப் பூர்த்தியாகும் என்று அண்ணன்தான் சொல்லி, கண்ணாடியிலும் போடவைத்திருக்கிறார். அன்று மதியம் வேலை முடிந்ததும் துடைக்க உட்கார்ந்தேன். விபூதி சாம்பல், அப்படியே தேய்த்தால் கண்ணாடி கீறிப்போகும். ரப்பர்ப் பந்தை அமுக்கி அமுக்கி ஊதி உதிர்த்துவிட்டு, காய்ந்த சந்தனத்தை ஈரத் துணியால் ஒற்றி ஊறவைத்து ஊறவைத்து எடுத்தேன். குங்குமம் மட்டும் விளிம்பு வளையத்தின் இடுக்கில் போய் உட்கார்ந்துகொண்டு வர மறுத்தது. அது அங்கே இருப்பதால் படத்துக்கு ஒன்றும் ஆகாது. இன்றைக்கும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை எனக்குப் பயமாகத்தான் இருந்தது. லென்ஸ்மேல் சந்தேகம் இல்லை. என்மேலும் சந்தேகம் இல்லை. மழை வந்துவிடுமோ, வேறு எதற்காவது பயந்து ஆண் பறவை வராமல் போய்விடுமோ என்றுதான் பயம். மறுநாள் ரம்பத்தோடு ஆள் வந்துவிடுவார்கள். அந்தச் சுவருக்குப் பின்னால் இருட்டில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு இது எதுவும் தெரியாது. அவளால் செய்ய முடிந்ததெல்லாம் சோறு வரும் என்று நம்பிக் காத்திருப்பதுதான்.

கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்பே சத்தம் கேட்டது. இருவாச்சி பறந்து வந்தால், சைக்கிளுக்குக் காற்றடிக்கிற மாதிரி இறக்கை மூச்சுவிடும். வந்து பொந்தின் விளிம்பில் வயிற்றைச் சாய்த்து ஒட்டிக்கொண்டது. கறுப்பு உடம்பு, வெள்ளை வயிறு, தலைமேல் தொப்பி வைத்தது போன்ற அலகு. எக்ஸ்ரே அறையில் ஒரு நாளில் எத்தனை பேரிடம் மூச்சை இழுத்துப் பிடிங்க, ஆடாதீங்க என்று சொல்கிறேனோ தெரியாது. அதை எனக்கே சொல்லிக்கொண்டு அமுக்கினேன். உள்ளேயிருந்து கீறல் வழியாக இன்னோர் அலகின் நுனி வெளியே வந்தது. ஆண் பறவை தலையைச் சாய்த்து, வாயிலிருந்ததை அதற்கு மெதுவாகக் கொடுத்தது. அதையும் எடுத்தேன்.

திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு அலகும் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் மஞ்சளாக ஒரு துண்டு, அதில் ஒட்டியிருந்த கறுப்பு விதைகள்கூடத் தெரிந்தன. ஏதோ பழம் என்று நினைத்தேன், அதற்கு மேல் யோசிக்கவில்லை. பறவை தெரிந்தால் போதும் என்ற நிலையில் இருந்தேன்.

மாலையில் கோயில் மண்டபத்தில் குழு கூடியது. மடிக்கணினியை மேசைமேல் திறந்து வைத்தேன். எல்லாரும் எழுந்து வந்து சூழ்ந்து நின்றார்கள். பறவைதான் என்பதில் யாருக்கும் மறுப்பு இல்லை. ஆனால் மறுப்பு வேறு வழியில் வந்தது. பொருளாளர் நல்ல மனிதர், அவர்தான் ஆரம்பித்தார். பாவம்தான், ஆனால் குடமுழுக்குப் பத்திரிகை அச்சடித்தாகிவிட்டது, ஒரு பறவைக்காக அம்மன் காரியத்தைத் தள்ளிப்போடுவதா என்றார். இரண்டு மூன்று பேர் தலையசைத்தார்கள். நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். அந்தப் பழத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். காட்டினேன். இன்னும் பெரிதாக்கச் சொன்னார். மஞ்சள் திரை முழுவதும் நிறைந்தது. மணல் தூவல் இல்லை, சாயம் மாறவில்லை. மஞ்சள் கிழங்கை அரிந்து வைத்தது போல இருந்தது.

“இது எங்க வீட்டுப் பப்பாளி,” என்றார் அண்ணன்.

பொருளாளர், பப்பாளி எந்தக் கம்பத்து வீட்டுக் கொல்லையில்தான் இல்லை என்றார். அண்ணன் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“இந்த மஞ்சள் வேற எங்கயும் கெடையாது. உங்க அண்ணி ஊர்லேருந்து கொண்டாந்து போட்டது.” அதை என்னிடம்தான் சொன்னார். “நான் அணிலுன்னுல்ல நெனச்சேன்.”

அண்ணி அந்த மண்டபத்தில் ஆடி வெள்ளிதோறும் பந்தி பரிமாறியவர். பந்தியில் உட்கார்ந்த யாராவது பாதியில் எழுந்தால் அவருக்குப் பொறுக்காது. போன் வந்தால்கூட, சாப்பிட்டுவிட்டுப் பேசு என்று தோளைப் பிடித்து அமுக்கி உட்காரவைப்பார். அங்கே நின்றுகொண்டிருந்த எல்லாருடைய தோளும் அந்தக் கையை அறியும். அவர் போனதிலிருந்து நான் அண்ணன் முன்னால் அழுததில்லை. அன்றைக்கு அழுதேன்.

அண்ணன் நிமிர்ந்தார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

“அவ போட்ட பந்தியில உக்காந்து சாப்புட்டுக்கிட்டு இருக்குதுங்க. பாதியில எப்படி எழுப்புறது? ஆவணிக்குப் பாப்போம்.”

பொருளாளர்தான் முதலில் சரி என்றார். குஞ்சு பறந்தபிறகு கோயில் பக்கம் சாய்ந்த கிளைகளை மட்டும் இறக்கிவிட்டு, அடிமரத்தை மறுபடி ஆள் வைத்துப் பார்க்கலாம், பத்திரிகையை மறுபடி அடிக்கலாம் என்று பேசி முடித்தார்கள். அண்ணன் அங்கேயே நின்று, மறுநாள் வரவேண்டிய ஆளுக்குப் போன் செய்து வரவேண்டாம் என்று சொன்னார். அரக்குப் பட்டு அலமாரியில் இன்னும் சில மாதம் இருக்கப்போகிறது. அது அவருக்கு எவ்வளவு கனம் என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

கார் வரைக்கும் என்னோடு வந்தார். லென்ஸ் பையை நான் பின் இருக்கையில் வைக்கப்போனபோது கையில் வாங்கி, கனம் பார்த்துவிட்டு, பத்திரமாக அவரே வைத்தார். வீட்டுக்குப் போனதும் அணில் கூண்டைத் தூக்கிப் பரணில் போட வேண்டும் என்றார். கதவைச் சாத்திவிட்டு ஜன்னல் பக்கம் குனிந்தார்.

“பாத்தியா, பூச போட்டதுனாலதான் அவ்வளவு தெளிவா விழுந்திருக்கு. போடாம எடுத்திருந்தா வந்திருக்குமா?”

வாயின் அகலத்தைப் பற்றியும் ஐந்து மடங்கு வெளிச்சத்தைப் பற்றியும், வியாழக்கிழமை மதியம் முழுக்க நான் ஊதி ஊதி உதிர்த்த விபூதியைப் பற்றியும் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. லென்ஸ் விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. அண்ணன் ஜன்னலில் கை வைத்து, கண் சிவந்து, பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

வந்திருக்காதுண்ணே என்றேன்.